இன்ப வாசிப்பும் இலக்கிய மதிப்பீடும்: வை.மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்வை முன்வைத்து

முன்னுரை

தமிழ் நாவல் வரலாறு பெரும்பாலும் எழுதியோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. படித்தோரைப் பற்றிய செய்தி அவ்வரலாறுகளில் ஓரிரு தொடர்களுக்குள் அடங்கிவிடுகிறது. அவர்கள் பொழுதுபோக்குக்காகப் படித்த பெண்களாக இருப்பின் அவ்விரு தொடர்களும் குறை கூறுவனவாகவே அமைகின்றன. காதல், பிரிவு, சூழ்ச்சி, ஆள்மாறாட்டம், மீண்டும் கூடுதல் என்னும் கதைப்போக்கை விரும்பிப் படித்தவர்கள் இலக்கியச் சுவை அறியாதவர்கள் என்பது அவற்றின் உட்கிடை. 115 நாவல்களை எழுதி, 35 ஆண்டுகள் அளவில் ஓர் இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாளின் (1901-1960) வாழ்வு இக்கருத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டிய தேவையை உணர்த்துகிறது. கதையின்பம் அவர் வாழ்வில் எவ்வாறு எழுத்தறிவுக்கும் பொதுவாழ்வுக்கும் வாயிலாயிற்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

செவிவழிக் கல்வி

கோதைநாயகி 1901 டிசம்பர் 1ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நீர்வளூரைச் சேர்ந்த வேங்கடாச்சாரியார், தாயார் பட்டம்மாள். ஒரு வயதிலேயே தாயை இழந்த குழந்தை, பாட்டி முதலிய உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தது. ஐந்து வயது கடந்த நிலையில், 1907இல், திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்விக்கப்பட்டார். அக்காலத்து வைணவ அந்தணர் குடும்பங்களில் இது வழக்கத்துக்கு மாறானது அன்று. பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் பிறந்த ஆண்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. முப்பது ஆண்டுகள் கழித்து, 1931ஆம் ஆண்டுக் கணக்கிலும் அது மூன்று விழுக்காட்டை எட்டவில்லை. எழுத்தறியாமை கல்வியறியாமை ஆகாது என்பதற்கு அவருடைய இளமைக்காலமே சான்று. ஆழ்வார் பாசுரங்களும் புராணக் கதைகளும் செவிவழியாக அவரை வந்தடைந்தன. மணம் செய்துகொண்ட குடும்பமோ புலமை மரபு உடையது. கம்பராமாயணத்துக்கு உரை வகுத்த வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் அக்குடியைச் சேர்ந்தவர். அம்மரபின் ஏடுகள் அருகிலேயே இருந்தும் அவற்றுக்குள் தாமாக நுழையும் எழுத்தாற்றல் பெண்களுக்குப் பொதுவாக வழங்கப்படவில்லை.

கதை கேட்பதில் கொண்ட விருப்பம் கதை சொல்லும் ஆற்றலாக வளர்ந்தது. வீட்டிலும் சுற்றத்திலும் இருந்த குழந்தைகளுக்கு அவர் தாமே புனைந்து கதைகள் சொல்லிவந்தார். கணவர் அவரை நாடகம் காண அழைத்துச் சென்றார். மேடையில் கண்ட நிகழ்ச்சிகளின் வேகமும், உரையாடல்வழிக் கதையை நகர்த்தும் முறையும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. அதன் பயனாக 'இந்திரமோகனா' என்னும் நாடகம் உருவாகி 1924இல் நூலாக வெளிவந்தது. அதைக் கோதைநாயகி தம் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர் அத்தோழியின் உதவியுடனேயே எழுதவும் பழகிக்கொண்டார். எழுதக் கற்றபின் கதை புனையத் தொடங்குவது பொதுவழக்கு. இவர் வாழ்விலோ கதை முந்திற்று. எழுத்து அதைத் தொடர்ந்து வந்தது.

நாவல் வாசிப்பின்மீது எழுந்த ஐயம்

கோதைநாயகி எழுத முற்பட்ட காலத்தில் தமிழ் நாவல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதுடையது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1890களில் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. 1898இல் அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் கைகளில் நாவல் பெருந்தொகையினர் விரும்பிப் படிக்கும் பண்டமாயிற்று. ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தழுவியவையும், துப்பறியும் கதைகளும், காதற் கதைகளும் அவற்றுள் மிகுதி.

இவ்வளர்ச்சி கண்டனத்தையும் உடன் கொணர்ந்தது. நாவல் மனத்தைக் கெடுக்கும், வேலையை மறக்கச் செய்யும், பெண்களுக்குத் தகாத ஆசைகளை ஊட்டும் என்னும் கருத்துகள் இதழ்களிலும் மேடைகளிலும் ஒலித்தன. கண்டித்தோரும் கதையின் ஈர்ப்பிலிருந்து முற்றும் விலகியிருக்கவில்லை. நாவல்களின் போக்கைக் கடிந்த மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை எழுதினார். தூய தமிழுக்கும் நல்லொழுக்கத்துக்கும் உரிய கருவியாகக் கதையை அவர் கருதியிருத்தல் கூடும். ஆயினும் அந்நூலைப் படிப்போரை இறுதிவரை இழுத்துச் செல்வது காதலும் வியப்பும் கலந்த கதைப்போக்கே. ஒழுக்கம் கதையின் நியாயமாகவும், இன்பம் கதையின் ஆற்றலாகவும் இருந்த இந்த இரட்டை நிலையே கோதைநாயகிக்கும் மரபுரிமையாக வந்துசேர்ந்தது.

'ஜகன்மோகினி'

கோதைநாயகியின் முதல் நாவல் 'வைதேகி'. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கமும் உதவியும் தொடக்கக் காலத்தில் அவருக்குக் கிடைத்தன. 1925இல் 'ஜகன்மோகினி' என்னும் மாத இதழை அவர் ஏற்று நடத்தத் தொடங்கினார். 'வைதேகி' அதில் தொடராக வெளிவந்தது. பெண்ணொருவர் நாவல் எழுதுவதையும் இதழ் நடத்துவதையும் சுற்றத்தார் பலர் பொறுக்கவில்லை. ஏச்சும் ஏளனமும் எழுந்தன. கணவரின் உறுதியான துணையே அவற்றைத் தாங்கும் வலிமையை அளித்தது.

மாத இதழ் என்னும் வடிவத்துக்கும் இன்ப வாசிப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு மாதத்தில் முறிந்து நிற்கும் கதை அடுத்த மாத இதழை எதிர்நோக்க வைக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்க்குக் கற்ற எழுத்தை மறவாமல் காக்கும் பயிற்சி தேவை; கதையின் முடிவை அறியும் ஆவல் அப்பயிற்சியைக் கடமையாக உணராதபடி செய்கிறது. ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் நிலவிய சமூகத்தில், ஓர் இதழின் கதை அதை வாங்கியவர் எண்ணிக்கையைக் கடந்து பரவியது. கேட்டுக் கற்ற ஒருவர், கேட்போருக்கும் பயன்படும் வகையில் எழுதினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அவர் நாவல்களில் உரையாடல் மிகுந்திருப்பதை நடைக்குறையாக மட்டும் காண்போர் இவ்வாய்மொழிச் சூழலைக் கணக்கில் கொள்வதில்லை.

கதையின்பத்தின் கூறுகள்

'ராதாமணி', 'கௌரிமுகுந்தன்', 'நளினசேகரன்', 'பரிமளகேசவன்' எனத் தலைமை மாந்தரின் பெயர் ஒலிக்கும் தலைப்புகளைக் கோதைநாயகி பெரிதும் விரும்பினார். அத்தலைப்பு படிப்பவர்க்கு ஓர் உறுதிமொழி. இன்னாரின் வாழ்வு இதில் சொல்லப்படும், அவ்வாழ்வுக்கு இடர் நேரும், இடர் தீரும் என்னும் எதிர்பார்ப்பை அது முதலிலேயே எழுப்பிவிடுகிறது. நல்லோர் துன்புறுதல், தீயோர் சூழ்ச்சி, உண்மை மறைந்திருத்தல், எதிர்பாராச் சந்திப்பு, உண்மை வெளிப்படுதல் ஆகியவை இக்கதைகளின் பொதுக்கூறுகள்.

இக்கூறுகள் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. களவும் பிரிவும் கற்பும் அகப்பொருள் மரபில் ஊன்றியவை. பிரிந்த தலைவனும் தலைவியும் பல இன்னல்களுக்குப் பின் கூடும் நளன் கதையும், நாட்டார் கதைப்பாடல்களும், தெருக்கூத்தும் மக்களை நெடுங்காலமாக மகிழ்வித்தவை. முடிவு இன்னதென அறிந்தே மீண்டும் மீண்டும் கேட்பது இம்மரபின் இயல்பு. புதுமையை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் திறனாய்வு, அறிந்ததை மீண்டும் சுவைக்கும் இவ்வின்பத்தை அளக்க இயலாமல் நின்றுவிடுகிறது.

கோதைநாயகி தம் கதைகளுக்கு நியாயமாக எப்போதும் சீர்திருத்தத்தையே முன்னிறுத்தினார். குழந்தை மணம், கைம்மைக் கொடுமை, வரதட்சணை, தீண்டாமை, குடி ஆகியவற்றுக்கு எதிரான கருத்துகள் அவருடைய நாவல்களில் இடம்பெறுகின்றன. கதையின்பத்தைத் தன்னளவில் நியாயப்படுத்தும் துணிவை அக்காலச் சூழல் பெண் எழுத்தாளருக்கு வழங்கவில்லை. ஆயினும் ஓர் உண்மையை மறுத்தல் அரிது. அறிவுரைக்காக மட்டும் எவரும் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைத் தொடர்ந்து படிப்பதில்லை. சீர்திருத்தக் கருத்து வீட்டுக்குள் நுழைந்ததே கதையின்பத்தின் தோளேறித்தான்.

பொதுவாழ்வும் சிறையும்

1925இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அவரைச் சந்திக்கும் வாய்ப்பு கோதைநாயகிக்குக் கிட்டியது. அதன்பின் ஆடம்பர ஆடை அணிகளைத் துறந்து கதர் உடுத்தலானார். இசைப் பயிற்சியும் இனிய குரலும் உடைய அவர் காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார், பேசினார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிக்கடை மறியலிலும் பங்கேற்று 1930களின் தொடக்கத்தில் சிறை சென்றார்.

சிறையிலும் அவர் எழுத்தை விடவில்லை. 'உத்தமசீலன்' அங்கு உருவான நாவல். அங்கு அவர் சந்தித்த பெண் கைதிகளின் வாழ்க்கை அவருடைய கதைப்பொருளை விரிவாக்கியது. கட்டாய ஓய்வில் இருந்த ஒருவர் கதைக்குள் தஞ்சம் புகுந்தார் என இதனைச் சுருக்கிவிட இயலாது. பிறர் சொல்லக் கேட்டுக் கதையாக்கும் இளமைப் பழக்கம் சிறைக்கூடத்தில் மீண்டும் தொழிற்பட்டது என்பதே பொருந்தும். தம் கதையைத் தாமே எழுத இயலாத பெண்களுக்கு, ஒரு காலத்தில் தாமும் அந்நிலையில் இருந்த ஒருவர் செவிகொடுத்தார்.

மாறிய சுவையும் இறுதி ஆண்டுகளும்

1930களில் தமிழ் வாசிப்புலகம் இரு திசைகளில் விரிந்தது. 'மணிக்கொடி' எழுத்தாளர்கள் சிறுகதையை உலகத் தரத்துக்கு உயர்த்த முற்பட்டு, வெகுமக்கள் நாவலைக் கடுமையாக எள்ளினர். மறுபுறம் 'ஆனந்த விகடன்', பின்னர் 1941இல் தோன்றிய 'கல்கி' ஆகிய இதழ்கள் புதிய நடையிலும் பெருந்தொகையிலும் தொடர்கதைகளை வழங்கின. காதலும் வீரமும் மறைபொருளும் இழைந்த கல்கியின் வரலாற்று நாவல்களுக்குப் படிப்போர் திரண்டனர். கதையின்பத்தை நாடியோர் எண்ணிக்கை பெருகியதே தவிர அந்நாட்டம் மாறவில்லை. அது குடியிருந்த வீடு மாறிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத் தாள் தட்டுப்பாடும் 'ஜகன்மோகினி'யைப் பாதித்தது.

அவருடைய 'ராஜமோகன்', 'அநாதைப் பெண்' ஆகியவை 1930களின் பிற்பகுதியில் திரைப்படங்களாயின. 1956இல் மகன் சீனிவாசன் மறைந்தார். அத்துயரிலிருந்து அவர் மீளவில்லை. காசநோய்க்கு ஆளாகி 1960 பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார். அவர் மறைந்தபின், 1966இல் அவருடைய கதை 'சித்தி' என்னும் திரைப்படமாகி மீண்டும் பெருந்தொகையான மக்களைச் சென்றடைந்தது.

முடிவுரை

கோதைநாயகியின் நாவல்களில் குறைகள் உண்டு. தற்செயல் நிகழ்வுகள் மிகுதி. மாந்தர் நன்மை தீமை என இரு கூறுபட்டு நிற்பர். அறிவுரை இடையிடையே கதையின் ஓட்டத்தைத் தடுக்கும். இவற்றை மறைத்து அவரைப் போற்றுவது ஆய்வுக்கு உதவாது. நூலின் தரத்தை அளக்கும் கோலைக் கொண்டே வாசிப்பின் பயனையும் அளந்துவிடுவதும் அவ்வாறே உதவாது. முன்னது திறனாய்வின் பணி; பின்னது இலக்கிய வரலாற்றின் பணி.

எழுதப்படிக்க அறிந்த பெண்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில், எழுதத் தெரியாத ஒரு பெண் கதையின்பத்தால் உந்தப்பட்டு எழுத்துக்கு வந்தார், இதழ் நடத்தினார், மேடை ஏறினார், சிறை சென்றார். அவ்வின்பமே அவருடைய கதைகளைப் படித்தோரையும் கேட்டோரையும் எழுத்துலகின் வாயிலுக்கு அழைத்துவந்தது. இன்றும் இளையோர் காதற் புதினங்களையும் மாயக் கதைகளையும் விரும்பிப் படிப்பதைக் கண்டு வருந்தும் குரல்கள் கேட்கின்றன. நூறாண்டுகளுக்கு முன் எழுந்த அதே ஐயத்தின் தொடர்ச்சி அது. 'ஜகன்மோகினி'யின் பழைய தொகுதிகள், அவற்றில் வெளிவந்த விளம்பரங்கள், அறிவிப்புகள், வாசகர் தொடர்பான பகுதிகள் ஆகியவை முறையாகத் தொகுக்கப்பட்டு ஆராயப்படுமாயின், தமிழில் பெண்கள் மகிழ்ச்சிக்காகப் படித்த வரலாற்றை எழுதுவதற்கு உரிய அடித்தளம் கிடைக்கும். தாள் நொறுங்கி மறையும் முன்னர் அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.