கதை கேட்டார், சாட்சியானார்

கதை கேட்க ஆசைப்படாதவர் யார்? இரவு உணவு முடிந்ததும் பாட்டியின் மடியைத் தேடி ஓடிய நாட்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். எவ்வளவு குறும்பு செய்யும் பிள்ளையும் கதை என்றவுடன் அடங்கி உட்காரும். மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த விளக்கங்கள் பல நமக்கு மறந்து போகலாம். ஆனால் காணாமற்போன ஆடும், ஊதாரி மகனும், நல்ல சமாரியனும் மறப்பதில்லை. நம் ஆண்டவர் இதை நன்கு அறிந்திருந்தார். மலைச்சரிவிலும் படகிலும் அமர்ந்து, விண்ணரசின் பெரிய உண்மைகளை அவர் கதைகளாகவே மக்களுக்குச் சொன்னார்.

ஆனால் ஒரு கதை ஒரு மனிதரின் வாழ்வையே மாற்றிவிடுமா? மாற்றும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் பேருந்தில் செல்லும்போது புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. ஏறத்தாழ இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோட்டையோடு தொடர்புடைய இரண்டு நண்பர்கள் இருந்தனர். ஒருவர் ஒரு கதை சொன்னார். மற்றவர் அதைக் கேட்டார். கேட்டவரே இன்று உலகத் திருச்சபை வணங்கும் புனித தேவசகாயம்.

நட்டாலத்து நீலகண்டன்

இன்றைய குமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். அக்காலத்தில் இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம் அவருடையது. நல்ல கல்வியும் போர்ப் பயிற்சியும் பெற்று வளர்ந்தார். மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில், பத்மநாபபுரத்தில் கோயில் அலுவலிலும் அரண்மனை அலுவலிலும் நம்பிக்கைக்குரியவராக உயர்ந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்து இல்லறம் நடத்தினார். நிலம், கால்நடை, பதவி, மதிப்பு என ஒரு மனிதர் விரும்பக்கூடியவை அனைத்தும் அவருக்கு இருந்தன.

பின்னர் துன்பம் வந்தது. வயல்களில் விளைச்சல் பொய்த்தது. தொழுவத்தில் கால்நடைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மடிந்தன. செல்வம் கரைந்தது. இத்தனையும் தமக்கு ஏன் நேர வேண்டும் என்ற கேள்வி அவர் நெஞ்சை அரித்தது. முகம் வாடி நடமாடிய அவரை ஒரு நண்பர் கவனித்தார்.

கடல் கடந்து வந்த கைதி

அந்த நண்பர் பெயர் டி லனாய். ஐரோப்பாவிலிருந்து டச்சுக் கம்பெனியின் படையில் வந்தவர். 1741 ஆகஸ்ட் 10-ஆம் நாள் முடிந்த குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபோது மன்னரிடம் சிறைப்பட்டார். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார். நாளடைவில் அவர் பெரிய படைத்தலைவரானார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தனர். உதயகிரிக் கோட்டை அவருடைய மேற்பார்வையில் வலுப்பெற்றது. 1777-இல் அவர் இறந்தபின் உடல் அக்கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அந்தக் கல்லறையை இன்றும் அங்கே காணலாம்.

டி லனாய் கத்தோலிக்கர். ஆனால் குருவும் அல்லர். வேதம் போதிக்க அனுப்பப்பட்டவரும் அல்லர். போரில் தோற்று, சொந்த நாட்டைக் காணாது, அன்னிய மண்ணில் வாழ்ந்த போர்வீரர். இழப்பு என்றால் என்னவென்று அறிந்தவர். அலுவல் காரணமாக அவருக்கும் நீலகண்டனுக்கும் பழக்கம் ஏற்பட்டு நட்பாக வளர்ந்திருந்தது. நண்பரின் துயரத்தைக் கேட்டறிந்தபோது அவர் தர்க்கம் பேசவில்லை. விவிலியத்திலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொன்னார். அது யோபுவின் கதை.

நண்பர் சொன்ன கதை

ஊசு நாட்டில் யோபு என்றொரு நீதிமான் இருந்தார். அவருக்கு ஏழு புதல்வர்; மூன்று புதல்வியர். ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள், ஐந்நூறு ஏர் மாடுகள், ஐந்நூறு கழுதைகள் அவருக்குச் சொந்தம். ஒரே நாளில் நான்கு தூதர் அடுத்தடுத்து ஓடிவந்து நான்கு இழவுச் செய்திகளைச் சொன்னார்கள். மாடும் போயிற்று; ஆடும் போயிற்று; ஒட்டகமும் போயிற்று; முடிவில் பெற்ற பிள்ளைகளும் போயினர். பின்பு உடல் முழுவதும் கொடிய புண் கண்டது. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் தம் புண்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார் யோபு.

அவரைத் தேற்ற மூன்று நண்பர்கள் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவர் அருகே தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்தபின்தான் தவறு செய்தனர். துன்பம் வந்தது என்றால் பாவம் செய்திருக்க வேண்டும் என்று யோபுவைக் குற்றவாளியாக்கினர். யோபு அதை ஒப்பவில்லை. கடவுளிடமே முறையிட்டார்; அழுதார்; கேள்வி கேட்டார்; ஆயினும் அவரை விட்டு விலகவில்லை. முடிவில் சூறாவளியினின்று இறைவன் பேசினார். துன்பத்திற்குக் காரணம் என்னவென்று அவர் விளக்கவில்லை. தாம் படைத்த உலகின் வியப்புகளைக் காட்டி யோபுவைத் தம் முன் நிறுத்தினார். யோபுவுக்கு அது போதுமானதாயிற்று. இறைவன் கடிந்துகொண்டது காரணம் சொன்ன அந்த நண்பர்களையே.

இழந்தவை இரண்டத்தனையாய்த் திரும்பி வந்தன. மீண்டும் ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறந்தனர். மாணவியர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. அந்தப் புதல்வர்களின் பெயர்களை விவிலியம் சொல்லவில்லை. புதல்வியரின் பெயர்களையே சொல்லுகிறது. சகோதரரோடு அவர்களுக்கும் தந்தை சொத்தில் உரிமை கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறது.

அரிச்சந்திரன் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடும் நம் நாட்டவர் செவிக்கு யோபுவின் கதை அன்னியமானதன்று. நீலகண்டன் அதைக் கேட்டார். இழந்தவை திரும்பி வரும் வழியை அந்தக் கதை அவருக்குக் காட்டவில்லை. இழந்த நிலையிலும் இறைவனிடம் பேசலாம், அவர் துன்புறுகிறவனை வெறுப்பதில்லை என்பதைக் காட்டியது. இந்த இறைவனை அறிய வேண்டும் என்ற தாகம் அவருக்குள் பிறந்தது.

புதிய பெயர்

திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகள் பணிபுரிந்தார். தமிழ் மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று அறிவர். டி லனாய் தம் நண்பரை அவரிடம் அனுப்பினார். அடிகள் உடனே ஒப்பவில்லை. அரண்மனை அலுவலர் ஒருவர் கிறிஸ்தவராவதில் உள்ள ஆபத்தை அவர் அறிவார். நீலகண்டனின் உறுதியைச் சோதித்துப் பார்த்து, மறைக்கல்வி அளித்த பின்னரே, 1745 மே 14-ஆம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார். இட்ட பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். கடவுளே துணை என்பது பொருள். நம் ஆண்டவர் சொன்ன கதையில் செல்வனின் வாசலில் கிடந்த ஏழைக்கும் அதுவே பெயர். பார்கவி அம்மாளும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்ற பெயர் கொண்டார்.

கேட்ட நற்செய்தியைத் தேவசகாயம் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பிறருக்கும் எடுத்துச் சொன்னார். சாதி பார்த்துத் தள்ளி நிற்கும் காலத்தில், உயர்குடியில் பிறந்த அவர் எல்லாருடனும் சமமாகக் கலந்து பழகினார். இது பலருடைய கோபத்தை மூட்டியது. அரச துரோகம் முதலிய குற்றங்கள் அவர்மேல் சாட்டப்பட்டன. 1749 பிப்ரவரியில் அவர் சிறை செய்யப்பட்டார்.

முடிவு வேறாயிற்று

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்கு என்ன வந்தது? கதை கேட்கும் முன் அவர் இழந்தவை மாடும் வயலும் மட்டுமே. கேட்டபின் இழந்தவையோ பதவி, வீடு, சுற்றம், விடுதலை, முடிவில் உயிர். கதை சொன்ன நண்பர் பெரிய படைத்தலைவராயிருந்தும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவரை வதைத்தனர். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின் முதுகில் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுசென்றனர். பிரம்பால் அடித்து, புண்களில் மிளகாய்ப்பொடி தடவினர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் பாறையில் முட்டியால் இடிக்க, நீர் சுரந்தது என்று மக்கள் சொல்லுகின்றனர். முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்துக்குப் பெயரே அமைந்துவிட்டது. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தபோது, நோயாளிகளும் துயருற்றோரும் சமய வேறுபாடின்றி அவரைத் தேடி வந்தனர் என்பர். யோபுவின் ஆறுதலைக் கேட்டவர் இப்போது பிறருக்கு ஆறுதல் சொல்லுகிறவரானார்.

1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. காட்டில் கிடந்த அவருடைய எலும்புகளை மக்கள் எடுத்துவந்து, கோட்டாறு தூய சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் தம் எஞ்சிய நாட்களைக் கழித்து அங்கேயே கண்மூடினார்.

அப்படியானால் அந்தக் கதை அவரை ஏமாற்றிவிட்டதா? இல்லை. இழந்ததைத் திரும்பப் பெறுவதற்காக மட்டும் அவர் கதை கேட்டிருந்தால், எருமையின் மீது ஏற்றிய முதல் நாளே தம் விசுவாசத்தை விட்டிருப்பார். யோபுவின் கதையில் அவர் பற்றிக்கொண்டது இரட்டிப்பான மந்தைகளை அன்று. சாம்பலில் உட்கார்ந்தும் விலகாத யோபுவின் நம்பிக்கையை. ஆகவேதான் கதையின் முடிவு தமக்கு வேறாய் அமைந்தபோதும் அவர் கலங்கவில்லை.

மக்கள் காத்த கதை

அவருடைய மரணச் செய்தியை 1756-இல் கொச்சி ஆயர் உரோமைக்கு அறிவித்தார். ஆயினும் அவர் முக்திப்பேறு பெற்றவர் என்று அறிவிக்கப்பட 2012 டிசம்பர் 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விழா நம் நாகர்கோவிலிலேயே நடந்தது. 2022 மே 15-இல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே.

இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்த நினைவை அணையாமல் காத்தவர் யார்? எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் பாட்டிமாரும் அவர்களுள் எத்தனையோ பேர். அவர்கள் பாடினார்கள், நாடகமாக நடித்தார்கள், பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பாறையையும் மலையையும் காட்டி, நடந்ததைச் சொன்னார்கள். நட்டாலம், புலியூர்க்குறிச்சி, பெருவிளை, காற்றாடிமலை, கோட்டாறு என ஊர்கள்தாமே அந்தக் கதையின் ஏடுகள் ஆயின. உரோமையில் ஒலித்த அந்த அறிவிப்புக்கு முன்னோடியாக நம் வீட்டுத் திண்ணைகளில் ஒலித்த குரல்கள் அவை.

நாம் சொல்லும் கதை

நம் மாவட்டம் துன்பம் அறியாத மாவட்டம் அன்று. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி நம் கடற்கரை ஊர்களை வாரிச் சென்றது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்ற பலர் கரை திரும்பவில்லை. அத்தகைய வீடுகளுக்குச் சென்று, இது கடவுளின் தண்டனை என்று காரணம் சொல்லுகிறவர்கள் யோபுவின் மூன்று நண்பர்களைப் போன்றவர்கள். அருகே அமர்ந்து, அழுகையைக் கேட்டு, தக்க நேரத்தில் ஆறுதலான ஒரு கதையைச் சொல்லுகிறவர்களே டி லனாயைப் போன்றவர்கள்.

அன்பு மாணவியரே, உங்கள் வகுப்பில் தந்தையை இழந்த தோழி இருக்கலாம். வீட்டில் வறுமை வந்து வாடும் தோழி இருக்கலாம். அவளுக்கு அறிவுரை சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் அவளோடு உட்காருங்கள். பெற்றோர்களே, நாள்தோறும் சிறிது நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். தாம் சொன்ன கதை ஒரு புனிதரை உருவாக்கும் என்று அந்தப் போர்வீரர் அறிந்திருக்க நியாயமில்லை. நண்பர் வருந்துகிறாரே என்றுதான் சொன்னார். நாமும் அவ்வாறே சொல்வோம். விளைச்சலை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.