ஆந்தை ஒரு கண்ணைப் பறித்தும் கேமராவை விடாத மனிதர்! யார் இந்த எரிக் ஹாஸ்கிங்?

மொபைலில் ஒரு பறவையைப் படம் எடுக்கிறோம். கொஞ்சம் இருட்டாக இருந்தால் பிரைட்னஸை ஏற்றுகிறோம், ஓரத்தை க்ராப் செய்கிறோம். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. இதே வேலைக்காக நாள்கணக்கில் மரத்தடியில் காத்திருந்து, கடைசியில் ஒரு கண்ணையே இழந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த எரிக் ஹாஸ்கிங்.

1909-ல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதிலேயே கையில் ஒரு பாக்ஸ் பிரௌனி கேமரா வந்துவிட்டது. 1929-லிருந்து போட்டோகிராஃபிதான் தொழில். பறவைகளைப் படம் எடுத்தே பிழைப்பு நடத்த முடியும் என்று அப்போது யாரும் நம்பாத காலம்.

அன்றைக்கு டெலி லென்ஸ் வசதி பெரிதாகக் கிடையாது. படம் வேண்டுமென்றால் கூட்டுக்குப் பக்கத்திலேயே போயாக வேண்டும். அதனால் துணியால் ஒரு சின்ன மறைவுக் கூடாரம் அமைப்பார்கள். அதையும் ஒரே நாளில் கூட்டருகே வைக்க மாட்டார்கள், பறவை மிரண்டு கூட்டையே கைவிட்டுவிடும் அல்லவா? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. இரண்டு பேர் கூடாரத்துக்குள் போவார்கள், ஒருவர் மட்டும் வெளியே நடந்து வருவார். பறவைக்குக் கணக்கு தெரியாது. ஆள் போய்விட்டான் என்று நினைத்துக் கூட்டுக்குத் திரும்பிவிடும்!

1937-ல் என்ன நடந்தது?

வேல்ஸ் பகுதியில் டானி ஆந்தை என்ற பழுப்பு நிற ஆந்தையின் கூட்டைப் படம் எடுக்கப் போயிருந்தார் ஹாஸ்கிங். உயரமான மறைவிடம். இருட்டிய பிறகு அதில் ஏறும்போது, குஞ்சுகளைக் காக்க வந்த ஆந்தை நேராக முகத்தில் பாய்ந்தது. நகம் இடது கண்ணில் இறங்கியது. ஆந்தையின் இறகு ஓரங்கள் சீப்புப் பற்கள் போல இருப்பதால் அது பறக்கும் சத்தமே கேட்காது. சுதாரிக்க வாய்ப்பே இல்லை. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை, அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 27.

கேமராவில் பார்க்க ஒரு கண் போதுமே என்று தோன்றலாம். அது அவ்வளவு சுலபமில்லை. ஒரு கண் போனால் தூரத்தைக் கணிப்பதே சிரமம். இவருடைய வேலையோ இருட்டில், உயரத்தில். ஆனாலும் ஆந்தைகளை விட்டு அவர் விலகவில்லை. அவருடைய படங்களிலேயே மிகப் புகழ்பெற்றது 1948-ல் எடுத்த ஒரு கூகையின் படம்தான். அலகில் எலியோடு, சிறகை இருபுறமும் விரித்தபடி நிற்கும் கூகை.

எலெக்ட்ரானிக் ஃபிளாஷைப் பறவைப் படங்களுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஹாஸ்கிங் முக்கியமானவர். ஒளிக்கற்றை ஒன்றைப் பறவை குறுக்கே கடந்தால் கேமரா தானாகவே இயங்கும் கருவியையும் பயன்படுத்தினார். பறக்கும்போது சிறகு எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, அந்தப் படங்களில் பார்க்க முடிந்தது.

சரி, எடிட்டிங்?

அந்தக் காலத்து எடிட்டிங் எல்லாம் டார்க் ரூமில்தான். பிரிண்ட் போடும்போது காகிதத்தின் ஒரு பகுதிக்கு வெளிச்சம் படாமல் கையால் மறைத்தால் அந்த இடம் வெளுப்பாக வரும். இது டாட்ஜிங். கூடுதல் நேரம் வெளிச்சம் காட்டினால் கருக்கும். இது பர்னிங். நெகட்டிவில் இருக்கும் தூசி பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழும், அதை மெல்லிய பிரஷ்ஷில் மை தொட்டு மறைப்பார்கள். கை தவறினால் முதலிலிருந்து புது பிரிண்ட். அன்டூ பட்டன் கிடையாது!

ஹாஸ்கிங்குக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1945-ல் தொடங்கிய 'நியூ நேச்சுரலிஸ்ட்' புத்தக வரிசைக்கு அவர்தான் புகைப்பட ஆசிரியர். எந்தப் படம் அச்சுக்குப் போக வேண்டும் என்று பார்க்கும் பொறுப்பு. எடுப்பதைவிடத் தேர்ந்தெடுப்பது கடினம் என்பது நூற்றுக்கணக்கான படங்களை மொபைலில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

1970-ல் வந்த சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர் 'ஆன் ஐ ஃபார் எ பேர்ட்'. பறவையைப் பார்க்கத் தெரிந்த கண் என்றும் படிக்கலாம், பறவைக்காகக் கொடுத்த கண் என்றும் படிக்கலாம். சொந்த இழப்பை வைத்தே ஒரு சிலேடை!

1991 பிப்ரவரியில் ஹாஸ்கிங் காலமானார். ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு அதற்குச் சரியாக ஓராண்டு முன்புதான் வெளியாகியிருந்தது. டார்க் ரூமில் கையால் செய்த அந்த டாட்ஜும் பர்னும் இன்றைக்கும் அதே பெயரில் அந்த சாஃப்ட்வேரில் இருக்கின்றன.