கணக்கு மேதை அல்குவாரிஸ்மி

அல்ஜீப்ரா என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். இத்தனை டிக்கெட் விற்றது, இவ்வளவு பணம் சேர்ந்தது, பெரியவர் டிக்கெட் எத்தனை, சிறுவர் டிக்கெட் எத்தனை என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களாம். அப்பெயரே அரபி என்பதும், வியாபாரிகளுக்கும் வாரிசுகளுக்கும் பயன்படவென்று எழுதிய நூலிலிருந்து அது வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. நாற்பது வயது வரை நமக்கும் தெரியாது.

அந்நூலை இயற்றியவர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. சுமார் கி.பி. 780-ல் பிறந்தவர். ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் நாட்டோடு அன்னாருக்குள்ள தொடர்பைப் பெயரே சொல்கிறது. பாக்தாதில் கலீபா மஃமூன் (813–833) ஆதரவில் பைத்துல் ஹிக்மாவில் பணிபுரிந்தார். வானியல் அட்டவணை, பூகோளம், இந்திய எண்கள் பற்றியும் நூல்கள் செய்தார். சுமார் 820-ல் எழுதியதுதான் அல்ஜப்ர் வல்முகாபலா. குறைபட்டதை நிறைவாக்குவது ஜப்ர். இருபுறமும் உள்ள ஒரே இனத்தை நேருக்கு நேர் வைத்துக் கழிப்பது முகாபலா. அதில் குறியீடு எதுவும் இல்லை, எல்லாம் வார்த்தைதான். தெரியாத தொகைக்கு ஷைஉ, அதாவது பொருள், என்று பெயர்.

மாதம் 10 திர்ஹம் கூலிக்காரன் ஆறு நாள் உழைத்தால் 2 திர்ஹம் என்பது போன்ற எளிய கணக்கும் உண்டு. ஆனால் நம்மை நிறுத்தி வைத்தது வசிய்யத்துக் கணக்கு. ஒருவர் இரு மகன்களை விட்டு மௌத்தாகிறார். மூன்றில் ஒரு பங்கை அந்நியருக்கு வசிய்யத் செய்திருக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். ஒரு மகன் தகப்பனாருக்குத் தரவேண்டிய கடன் 10. இருபதை மூன்றாகப் பிரித்தால் அந்நியருக்கும் மற்ற மகனுக்குமாகப் பதின்மூன்றுக்கு மேல் கொடுக்கவேண்டும், பெட்டியிலோ பத்துத்தான். எனவே கடன்பட்டவனின் பங்களவே கடனைச் சொத்தில் சேர்க்கிறார். அதுவே ஷைஉ. பத்தும் ஒரு ஷைஉவும் மொத்தச் சொத்து. அதில் மூன்றிலொன்று ஒரு ஷைஉ. ஆக மூன்று ஷைஉ, பத்தும் ஒரு ஷைஉவும் ஆகும். இருபுறமும் ஒன்றைக் கழிக்க, இரண்டு ஷைஉ 10, ஒன்று 5. அந்நியருக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்டவன் பங்கு கடனில் கழிந்தது.

நாமறிந்த ஒரு கடையில் முதலாளி மௌத்தானபின், மூத்தவர் பேரேட்டில் நின்ற பற்றைச் சொத்தில் சேர்ப்பதா விடுவதா என்று சகோதரர்கள் முகம் பாராமல் போனார்கள். இக்கணக்கை அவர்களுக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை.

அல்குவாரிஸ்மி சுமார் 850-ல் காலமானார். 1145-ல் ஸ்பெயின் தேசத்தில் செகோவியா நகரில் அந்நூல் லத்தீனுக்குப் போனது. 1831-ல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சேறியது, வசிய்யத்துக் கணக்குகளுடன்.