கோவையின் முதல் ஆயர்

நம் தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதற்கு முன் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்தச் சேலத்துக்கு 1843 ஆம் ஆண்டு, முப்பது வயதுகூட நிறையாத பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் வந்து, தமிழ் பேசிப் பழகி ஞானக் காரியங்களைக் கவனித்து வந்தார். அவர்தான் பிற்காலத்தில் கோவையின் முதல் ஆயரான மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் ஆண்டகை.

பிரான்சு நாட்டின் கஸ்தெல்நோதாரி என்னும் ஊரில் 1813 டிசம்பர் 2 அன்று பிறந்தார். தந்தை கால்வாய்ப் பொறியாளர். தாமே மகனுக்கு வீட்டில் பாடம் சொல்லித் தந்தவர். அருமையாக வளர்த்த மூத்த மகன் கடல் கடந்து போவதற்கு அவர் எளிதில் சம்மதிக்கவில்லை. ஆயினும் பாரீஸ் வேதபோதக சபையில் சேர்ந்து, 1842-இல் புதுச்சேரி வந்து இறங்கினார்.

இவர் மனத்தில் ஓர் ஆசை நெருப்பாய் எரிந்தது. இந்நாட்டுப் பிள்ளைகளே குருக்களாக வேண்டும். அதோடு நில்லாமல் ஆயர்களாகவும் வேண்டும் என்பதே அது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் ஒரு வெள்ளையர் இப்படி நினைத்தது எனக்குப் பெரும் வியப்பாக இருக்கிறது. புதுச்சேரிக் குருமடத்தின் தலைவராக இருந்தபோதும், 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்ற பின்பும், குருமட மாணவர்களை உருவாக்குவதையே தம் முதல் வேலையாகக் கொண்டார். தமிழர் ஒருவர் தூத்துக்குடியில் ஆயரானதோ 1923-இல்தான்!

ஆனால் அவர் நிம்மதியாக இருக்கவில்லை. கிறிஸ்தவர்களிடையே நிலவிய சாதி வழக்கங்களையும் பழைய சடங்குகளையும் எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்பதில் குருக்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. ரோமாபுரி தெளிவாக ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்று கேட்டார், அது கிடைக்கவில்லை. கண்டும் காணாததுபோல் இருந்திருந்தால் கடைசி வரை ஆயராகவே இருந்திருக்கலாம். மனச்சாட்சி இடம் தராததால் பதவி விலக அனுமதி வேண்டினார். 1855-இல் அது ஏற்கப்பட்டது. தோற்றுவிட்டார் என்று அன்று சிலர் எண்ணியிருப்பார்கள். நான் அப்படி எண்ணவில்லை.

நாற்பத்தொரு வயதில், குருக்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஆப்பிரிக்கப் பகுதிக்குப் போகிறேன் என்றார். தனியாகப் போகக் கூடாது, முதலில் ஒரு சபையை நிறுவ வேண்டும் என்றது ரோமாபுரி. ஆயராயிருந்தவர் பிரான்சு முழுவதும் பிரசங்கம் செய்து, காணிக்கையும் ஆள்களும் சேர்த்தார். 1856 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளன்று, லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபை பிறந்தது.

1859 மே 14 அன்று சியரா லியோனின் பிரீடவுன் துறைமுகத்தில் அவர் கப்பல் நின்றது. ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்ததால், இறங்க வேண்டாமென்று கப்பல் தலைவர் தடுத்தார். தமக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்த தம் பிள்ளைகளை விட்டுத் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை; இறங்கினார். ஜூன் மாதத்தில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். ஜூன் 25 அன்று ஆயரும் இறந்தார். ஆப்பிரிக்க மண்ணில் அவர் வாழ்ந்தது நாற்பத்திரண்டே நாள்கள்.

லியோனில் இருந்த பிளாங்க் என்ற குருவானவருக்குச் செய்தி எட்டியது. சபையை அவர் கலைக்கவில்லை. 1861-இல் அடுத்த குழு தகோமி நாட்டில் போய் இறங்கியது. பிரெசில்லாக் ஆண்டகையை 2020-இல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.