மிச்சம் பிடித்தால் செலவு கூடும்!
ஜெவன்ஸ் கண்ட விந்தை

நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால், நாட்டில் நிலக்கரிச் செலவு குறையும். எவருக்கும் தோன்றும் கணக்கு இது. குறையாது, கூடத்தான் செய்யும் என்று காட்டினார் ஓர் இளைஞர். அவர்தான் பொருளாதார மேதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்.

1835-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்தார். தகப்பனார் இரும்பு வியாபாரி. ஜெவன்சுக்கு 10 வயதானபோது தாயார் இறந்தார். 1848-ல் வியாபாரமும் நொடித்தது.

தங்கத்தை உதறினார்

லண்டனில் ரசாயனம் படித்த ஜெவன்சுக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. புதிய நாணயச்சாலையில் தங்கத்துக்கு மாற்றுப் பார்க்கும் உத்தியோகம். நல்ல சம்பளம். 1854-ல் கப்பல் ஏறினார். ஆனால், மக்கள் எப்படிப் பொருள் தேடுகிறார்கள், எப்படிச் செலவழிக்கிறார்கள் என்ற ஆராய்ச்சியே அவர் மனதை இழுத்தது. 1859-ல் வேலையை உதறிவிட்டு, மறுபடியும் மாணவராக லண்டன் திரும்பினார்.

நிலக்கரிக் கேள்வி

1865-ல், 29 வயதில், நிலக்கரி பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அன்று இங்கிலாந்தின் ஆலையும் ரெயிலும் நிலக்கரியால் ஓடின. சுரங்கம் ஆழமாக ஆழமாகக் கரி விலை ஏறும், நாட்டின் வளர்ச்சி தடைப்படும் என்று எச்சரித்தார்.

சிக்கன எந்திரங்கள் காப்பாற்றும் என்றவர்களுக்கு அவர் ஸ்காட்லாந்தைக் காட்டினார். அங்கே ஒரு டன் இரும்பு உருக்கத் தேவையான நிலக்கரி, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. ஆனால் 1830 முதல் 1863-க்குள் மொத்த நிலக்கரிச் செலவு 10 மடங்கு ஏறிவிட்டது!

காரணம் என்ன? கரிச் செலவு குறைந்ததும் இரும்பு மலிந்தது. வாங்குவோர் பெருகினர். புதிய உலைகள் முளைத்தன. ஒவ்வோர் உலையிலும் மிச்சம். நாடு முழுவதும் கூடுதல் செலவு!

1866-ல் நிதி மந்திரி கிளாட்ஸ்டன் தமது பட்ஜெட் பேச்சிலேயே இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார். நிலக்கரி பற்றி ஆராய ஒரு கமிஷனும் அமைந்தது. ஜெவன்ஸ் மான்செஸ்டரில் பேராசிரியர் ஆனார்.

காகிதக் குவியல்

காகிதத்துக்கும் பஞ்சம் வரும் என்று பயந்து, வீட்டில் ஏராளமாக வாங்கிக் குவித்தாராம். அவர் இறந்து 50 ஆண்டுகளுக்குப் பிறகும் பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியவில்லை என்று பொருளாதார நிபுணர் கீன்ஸ் எழுதியிருக்கிறார்.

1882 ஆகஸ்டு 13-ந் தேதி, ஹேஸ்டிங்ஸ் அருகே கடலில் குளித்தபோது ஜெவன்ஸ் மூழ்கி இறந்தார். வயது 46.

பெட்ரோலிய எண்ணெயின் வருங்காலத்தை அவர் சரியாக எடை போடவில்லை. பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி 1913-ல் சுமார் 29 கோடி டன்னைத் தொட்டு, பிறகு சரிந்தது. அங்கே கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. ஆனால் அவர் கண்ட விந்தை மறையவில்லை.

இன்றும் அதே கேள்வி

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், புரூக்ஸ், கசூம் என்ற இரு நிபுணர்கள் அதே கேள்வியை எழுப்பினர். மிச்சத்தில் எவ்வளவு மீண்டும் செலவாகிறது? வீடுகளில் பெரும்பாலும் ஒரு பகுதிதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நாடு முழுவதற்கும் எவ்வளவு என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை.

1992-ல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய உலக நாடுகள், நுகரும் முறையே மாறவேண்டும் என்று ஒப்புக்கொண்டன. எந்தப் பொருள் சிக்கனமானது என்பதோடு, எவ்வளவு இருந்தால் போதும் என்றும் ஆராய்ச்சி இப்போது கேட்கிறது.

குறைந்த பெட்ரோலில் ஓடும் வண்டி வாங்குவது நல்லதுதான். அந்தத் தைரியத்தில் தெருக்கோடிக்கும் அதிலேயே போனால், மிச்சம் எங்கே?