மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவைக் கண்டறிந்த கியூப மருத்துவர்: 20 ஆண்டுகள் ஏற்கப்படாத கார்லோஸ் ஃபின்லே

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய நோய்களைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, நோய் கடத்தும் உயிரினம் என முதன்முதலில் அடையாளம் காட்டப்பட்டது 1881-ஆம் ஆண்டில். அதைச் செய்தவர் கியூபாவின் ஹவானா நகர மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே. செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிவதற்கு 16 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு இது. ஆயினும் ராஸை அறிந்த அளவுக்கு ஃபின்லேயை இந்திய வாசகர்கள் அறிந்திருக்கவில்லை.

ஏடிஸ் எஜிப்தி அமெரிக்கக் கண்டத்தின் பூர்விகக் கொசு அன்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அது கடல் கடந்தது. கூடவே மஞ்சள் காய்ச்சலும் வந்தது. 1647-இல் பார்படோஸிலும், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் யுகட்டான், கியூபா ஆகிய பகுதிகளிலும் அந்நோய் பரவியது. அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் துறைமுக நகரங்கள் இந்நோய்க்கு அஞ்சியே வாழ்ந்தன. அழுகிய பொருள்களின் நாற்றம், நோயாளியின் உடை, படுக்கை எனப் பலவற்றின் மீதும் பழி விழுந்தது.

ஸ்காட்லாந்து தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் மகனாக 1833 டிசம்பர் 3 அன்று கியூபாவில் பிறந்தவர் ஃபின்லே. இளமையில் கண்ட நோய் ஒன்று அவருக்குத் திக்குவாயை விட்டுச் சென்றது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1855-இல் மருத்துவப் பட்டம் பெற்று ஹவானா திரும்பினார். 1867-இல் அந்நகரைக் காலரா தாக்கியபோது, நோய் நகரின் குடிநீர்க் கால்வாய் வழியே பரவுவதாக அவர் எழுதினார். அக்கட்டுரை வெளிவர ஸ்பானியக் குடியேற்ற அரசின் தணிக்கையினர் இசையவில்லை.

மஞ்சள் காய்ச்சல் குறித்து அவர் முதலில் கொண்டிருந்த கருத்து தவறானது. காற்றின் காரத்தன்மையே நோய்க்குக் காரணம் என்று பல ஆண்டுகள் நம்பினார். 1879-இல் ஹவானாவுக்கு வந்த அமெரிக்க ஆய்வுக் குழுவுடன் பணியாற்றிய பிறகே அவர் எண்ணம் மாறியது. நோயாளிகளின் இரத்த நாளங்களின் உட்சுவர் சிதைந்திருப்பதைக் கண்ட அவர், ஒருவரின் இரத்த நாளத்திலிருந்து நோயை எடுத்து மற்றொருவருக்கு ஏற்றும் இடையாள் இருக்க வேண்டும் என்று கருதினார். அந்நகரில் காணப்பட்ட கொசு வகைகளை ஒப்பிட்டு, வீடுகளை ஒட்டி வாழும் ஒன்றைத் தேர்ந்தார். அதுவே இன்று ஏடிஸ் எஜிப்தி என அறியப்படுவது.

1881 ஆகஸ்ட் 14 அன்று ஹவானா அறிவியல் கழகத்தில் இக்கருத்தை அவர் முன்வைத்தார். அவையில் ஆதரவு கிட்டவில்லை. வெளியே கேலிதான் மிஞ்சியது. அடுத்த இருபது ஆண்டுகளில், மருத்துவர் கிளாடியோ டெல்காடோவின் துணையுடன் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது அவர் கொசுக்கடிச் சோதனைகளை நடத்தினார். ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்த படைவீரர்களும் கிறிஸ்தவத் துறவிகளும் அவர்களில் அடங்குவர். இன்றைய மருத்துவ அறநெறிகளின்படி அச்சோதனைகளுக்கு அனுமதி கிடைப்பது அரிது. முடிவுகளும் ஐயத்துக்கு இடமளித்தன. நோயாளியைக் கடித்த கொசு பிறருக்கு நோயைக் கடத்த ஏறத்தாழ 12 நாள்கள் ஆகும். ஃபின்லேயோ சில நாள்களிலேயே அடுத்தவரைக் கடிக்க விட்டார். கருத்து சரி, காலக்கணக்கு தவறு.

அந்தக் கணக்கை நேர்செய்தது, 1900-இல் வால்டர் ரீட் தலைமையில் ஹவானா வந்த அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு. தாம் வளர்த்த கொசுக்களின் முட்டைகளை ஃபின்லே அக்குழுவிடம் ஒப்படைத்தார். அம்முட்டைகளிலிருந்து சோதனைகள் தொடங்கின. குழு உறுப்பினர் ஜேம்ஸ் கரோல் கொசுவைத் தம்மைக் கடிக்கவிட்டு, நோயுற்று உயிர் தப்பினார். மற்றோர் உறுப்பினர் ஜெசி லாசியர் அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். பின்னர் அமைக்கப்பட்ட முகாமில், நோயாளிகளின் அழுக்குப் படுக்கைகளில் இரவுக்கிரவு உறங்கியவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. கொசு கடித்தவர்களே நோயுற்றனர்.

1901-இல் வில்லியம் கோர்காஸ் மேற்பார்வையில் ஹவானாவின் தண்ணீர்த் தொட்டிகள் மூடப்பட்டன. தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது. நோயாளிகள் வலையடித்த அறைகளில் வைக்கப்பட்டனர். சில மாதங்களில் நகரம் அந்நோயிலிருந்து விடுபட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பறிகொடுத்துக் கைவிட்ட பனாமா கால்வாயை, இதே முறைகளைக் கையாண்டு அமெரிக்கர்கள் முடிக்க முடிந்தது.

உலகப் புகழில் பெரும்பங்கு ரீட்டுக்குச் சென்றது. ஃபின்லே 1902 முதல் 1909 வரை கியூபாவின் தலைமைச் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றினார். நோபல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிந்துரைத்தவர்களில் ராஸும் ஒருவர். பரிசு கிடைக்கவில்லை. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் 1927-இல் பிரித்தெடுக்கப்படுவதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1915 ஆகஸ்ட் 20 அன்று தமது 81-ஆம் வயதில் ஃபின்லே ஹவானாவில் காலமானார். ராஸின் கண்டுபிடிப்பை நினைவுகூரும் உலகக் கொசு நாளும் அதே ஆகஸ்ட் 20 என்பது தற்செயல்.

அவர் இனங்கண்ட கொசுவும் அதன் உறவினமான ஏடிஸ் அல்போபிக்டஸும் இன்னும் புதிய நிலங்களைப் பிடித்து வருகின்றன. 2005-இல் ஏடிஸ் எஜிப்தி காணப்பட்ட போர்ச்சுகலின் மதீரா தீவில், 2012-இல் டெங்கு பரவியது. இத்தாலியில் 2007-இல் ஏற்பட்ட சிக்குன்குனியா பரவல், இந்தியாவிலிருந்து சென்ற ஒரு பயணியிடமிருந்து தொடங்கியதாகக் கண்டறியப்பட்டது. அங்கே அதைப் பரப்பியது ஏடிஸ் அல்போபிக்டஸ்.

இந்தியாவில் ஏடிஸ் எஜிப்தி பரவலாக உள்ளது. மஞ்சள் காய்ச்சல் மட்டும் இதுவரை இங்கு வேரூன்றவில்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் இந்திய விமான நிலையங்களில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படுவது இதனால்தான்.