தூசையும் பத்திரப்படுத்திய எரன்பேர்க்

குளத்து நீரில் நீந்தும் பரமீசியத்தை ஆய்வுகூட நுணுக்குக்காட்டியில் முதன்முறை பார்த்தபோது, அதனுள் தெரிந்த சின்னஞ்சிறு வட்டங்களை வயிறு என்றே நான் நினைத்தேன். அவை உணவுப் புன்வெற்றிடங்கள் என்று ஆசிரியை திருத்தினார். இதே தவறை எனக்கு வெகுகாலம் முன்பே செய்து, அதைப் பெரிய நூலாகவும் எழுதிவிட்ட ஒருவர் இருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிறிஸ்டியன் கொட்பிரீட் எரன்பேர்க் 1795ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆந் திகதி ஜேர்மனியின் டெலிட்ஸ் நகரில் பிறந்தார். இறையியல் கற்கத் தொடங்கி, மருத்துவத்துக்கு மாறினார். 1820இல் நண்பர் ஹெம்பிரிச்சுடன் எகிப்துக்குப் புறப்பட்டார். நைல் நதி, சினாய், செங்கடல், அரேபியக் கரை என்று அந்தப் பயணம் ஐந்து ஆண்டுகள் நீண்டது. 1823இல் சினாயின் தூர் துறைமுகத்தில் கடல்நீர் சிவந்திருப்பதைக் கண்டு, அள்ளிப் பார்த்தார். நிறத்துக்குக் காரணம் நூல் போன்ற நுண்ணங்கிகள்! செங்கடலுக்கு அப்பெயர் வந்ததற்கு இவற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆனால் 1825இல் மஸாவா துறைமுகத்தில் ஹெம்பிரிச் காய்ச்சலால் இறந்துபோனார். இருவரும் சேர்ந்து தொடங்கிய வேலையை எரன்பேர்க் தனியே சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்.

பேர்லினில் பேராசிரியரான பிறகு நுணுக்குக்காட்டியே அவர் உலகமாயிற்று. நாம் இன்று வழங்கும் பற்றீரியா என்ற பெயரும் அவர் வைத்ததே. ஒருகல உயிர்களுக்கு நீலச் சாயத்தை உண்ணக் கொடுத்து, சாயம் தேங்கிய இடங்களையெல்லாம் வயிறுகள் என்று கணக்கிட்டார். அவற்றுக்கும் நம்மைப்போல் முழுமையான உறுப்புகள் உண்டென்று 1838இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பிரான்சின் டுஜார்டன் மறுத்தார். எரன்பேர்க் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பார்த்த எதையும் அவர் வீசிவிடவில்லை. மெல்லிய மைக்காத் தகடுகளில் மாதிரிகளை ஒட்டி, பெயரும் இடமும் எழுதி வைத்தார். சார்ள்ஸ் டார்வின் அத்திலாந்திக் கடலில் கப்பலுக்கு மேல் படிந்த தூசை ஐந்து சிறு பொட்டலங்களாக அனுப்பியபோது, அதில் 67 வகை நுண்ணுருவங்களைக் கண்டறிந்து, மீதித் தூசையும் பத்திரப்படுத்தினார். முதுமையில் மகள் கிளாரா அவருடைய வேலைகளில் கைகொடுத்தார். 1876இல் அவர் இறந்த பின் அந்தத் தொகுப்பு பேர்லின் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குச் சென்றது. ஏறத்தாழ 40,000 நுணுக்குக்காட்டி மாதிரிகள், 3,000 சித்திரங்கள்!

அவர் மறைந்து 55 ஆண்டுகளில், அதே பேர்லினில், 1931இல் ருஸ்காவும் நொல்லும் முதல் இலத்திரன் நுணுக்குக்காட்டியை உருவாக்கினார்கள். ஒளியால் பார்க்கும் கருவிக்கு ஏறத்தாழ 0.2 மைக்கிரோமீற்றருக்குக் கீழுள்ள நுணுக்கம் பிரிந்து தெரியாது. இலத்திரனுக்கு அந்தத் தடை இல்லை. டயற்றம் எனும் நுண் அல்காவின் சிலிக்கா ஓட்டில் எரன்பேர்க் வெறும் கோடாக வரைந்தது, இதில் வரிசை வரிசையான துளைகளாகத் தெரியும். அந்தத் துளைகளின் அமைப்பைக் கொண்டுதான் இன்று பல இனங்களைப் பிரித்தறிகிறார்கள். அவர் பெயரிட்ட இனம் எது என்ற சந்தேகம் வந்தால், அவர் கையால் ஒட்டிய மாதிரியையே தேடிப் போகிறார்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் கருவிக்காக மாதிரியின்மேல் பெரும்பாலும் மெல்லிய பொன் பூச்சு இடவேண்டும். உலகில் ஒன்றே உள்ள மாதிரிக்கு யார் துணிந்து பூசுவார்? அதனால் பூச்சே தேவையில்லாத கருவிகளை நூதனசாலைகள் இப்போது விரும்புகின்றன.

2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டார்வினின் தூசுப் பொட்டலங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. சிறிதளவு எடுத்து வளர்ப்பூடகத்தில் இட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அதற்குள் கிடந்த பற்றீரியாக்களும் பங்கசுகளும் வளரத் தொடங்கின.